குண்டகாயில் விட்டுவந்த பை

கௌரிசங்கர் டண்டினொங் என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். பதின்மூன்று வருடமாக அதே இடம், அதே காலை வேலை. இத்தனை காலத்தில் வேலைக்குப் பிந்திப் போனது இரண்டே தரம். அதில் ஒன்று மகள் வினுஷா பிறந்த நாள். "கௌரியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை" என்று மேற்பார்வையாளர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அந்தப் பேச்சு காதில் விழும்போது கௌரிசங்கர் கேட்காதவர்போல ஃபோர்க்லிஃப்டைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். உள்ளுக்குள் நாள் முழுக்க இனிக்கும்.

வினுஷாவுக்குப் பன்னிரண்டு வயது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து, பேஸ்போல் விளையாடப் போகிறேன் என்று நின்றாள். கௌரிசங்கருக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். அடித்தவுடன் மட்டையை எறிந்துவிட்டு ஏன் ஓடுகிறார்கள் என்பதே முதல் ஆறு மாதம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமையும் தவறவிடாமல் கூட்டிப் போனார். மற்றத் தகப்பன்மார் மைதானத்துக்குக் கோடு போட்டார்கள், புள்ளி எழுதினார்கள், சொசேஜ் சுட்டார்கள். அவர் கம்பி வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய்க் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

அவரை வேலிக்கு உள்ளே கூப்பிட்ட ஆள் கிரஹாம். எழுபத்தொரு வயது, தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய பேரன் ஒருகாலத்தில் அந்தப் பேஸ்போல் கழகத்தில் விளையாடினான். பேரன் வளர்ந்து போனபிறகும் கிரஹாம் போகவில்லை; அணியின் சாமான்களையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஜனவரியில் சிட்னியில் சிறுவர் சுற்றுப்போட்டி என்று முடிவானதும், அவர் வேலியருகே வந்து கேட்டார்.

"கௌரி, உன்னுடைய வான் வண்டி பெரிசுதானே? சாமான் பையை நீ கொண்டுவருவாயா?"

ஓம் என்று சொல்ல அவருக்கு ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. அன்று வீட்டில் மனைவி சிவாஜினியிடம் அந்தச் செய்தியை மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் அவள் சிரித்தாள். "ஓமப்பா, கேட்டது. பைதானே, பார்லிமென்ற் இல்லையே."

வியாழக்கிழமை பின்னேரம் கிரஹாமே வீட்டுக்கு வந்து, நீலநிறப் பெரிய பையை வானின் பின்பக்கத்தில் தன் கையால் ஏற்றினார். ஆறு தலைக்கவசம், கட்சர் அணியும் முகமூடி, நெஞ்சுக்கவசம், கால்கவசம். கட்சர் என்றால் மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர். வினுஷாதான் அணியின் கட்சர். அந்தக் கவசங்கள் அவளுடைய அளவுக்கென்றே கழகம் வாங்கியவை.

வெள்ளி விடியப் புறப்பட்டார்கள். மத்தியானம் வழியில் குண்டகாய் என்ற சிற்றூரில், பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் சாப்பிட நிறுத்தினார்கள். சாப்பாட்டுப் பெட்டி பைக்குப் பின்னால் மாட்டுப்பட்டிருந்தது. கௌரிசங்கர் பையை இறக்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார். புளிச்சாதமும் றோல்ஸும் பாதி சாப்பிட்டிருப்பார்கள், வானம் திடீரென்று கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. தட்டுகளையும் பெட்டியையும் அள்ளிக்கொண்டு மூன்று பேரும் சிரித்துச் சிரித்து ஓடி வானில் ஏறினார்கள். சிட்னி போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு இருந்தது.

சனி காலை மைதானத்தில் வானின் பின்கதவைத் திறந்தபோது பை இல்லை. இருக்கைகளுக்குக் கீழே பார்த்தார். போர்வையை உதறிப் பார்த்தார். குண்டகாய் மேசை கண்ணுக்கு முன்னால் அப்படியே வந்து நின்றது.

அதற்குள் கிரஹாம் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பயிற்சியாளர் மெலிசா, இன்னும் நாலைந்து பெற்றோர், பிள்ளைகள். "பை எங்கே, கௌரி?" என்று கிரஹாம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு வருடம் வேலிக்கு வெளியே நின்றவருக்கு முதன்முதல் தந்த பொறுப்பு. மறந்துவிட்டேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. வாயால் வந்ததோ வேறு.

"நீங்கள் பையை என்னட்டைத் தரவில்லையே, கிரஹாம்" என்றார் ஆங்கிலத்தில்.

கிரஹாம் வானின் பின்பக்கத்தைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "நான் ஏற்றினேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்..." என்று மெதுவாகச் சொன்னார். "ஏற்றவேண்டும் என்று நினைத்ததை ஏற்றியதாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. மன்னித்துக்கொள், கௌரி."

நாகராஜன் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை; அவருடைய மகன் கிரணும் இதே அணிதான். அவர் கௌரிசங்கரின் காதோரம் குனிந்து தமிழில் சொன்னார்: "விடுங்க அண்ணே. போன மாசம்கூட ஸ்கோர் புக்கை மறந்து வெச்சுட்டு வந்தார். வயசாயிடுச்சு, பாவம்."

கௌரிசங்கர் தலையாட்டினார். ஆட்டும்போதே மகளைக் கண்டார். வினுஷா கையுறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். குண்டகாயில் மேசைக்குக் கீழே அவள் கால் நீட்டி வைத்திருந்ததே அந்தப் பையின்மேல்தான். தகப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

வேறொரு அணியிடம் கவசங்களை இரவல் வாங்கி விளையாடினார்கள். முகமூடி அவளுக்குப் பெரிது. குனியும்போதெல்லாம் வழுக்கிக் கண்ணை மறைத்தது. கடைசிச் சுற்றில் ஒரு பந்து அவளைத் தாண்டி ஓடியது. எதிரணிப் பையன் ஓடிவந்து கடைசித் தளத்தைத் தொட்டு வெற்றிப் புள்ளி எடுத்தான். ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. வினுஷா முகமூடியைக் கழற்றி அதன் சொந்தக்காரரிடம் நன்றி சொல்லிக் கொடுத்தாள். அழவில்லை. தகப்பனிடம் வரவுமில்லை.

பின்னேரம் நாகராஜன் குடும்பம் எல்லாரையும் ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குத் தோசை சாப்பிடக் கூப்பிட்டிருந்தது. போகிற வழியில் வில்லாவுட் என்று எழுதிய பலகையொன்று கடந்துபோனது. கௌரிசங்கர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

போருக்குப் பிறகு 2010இல் அகதியாகப் படகில் வந்தவர் அவர். கிறிஸ்மஸ் தீவில் சில மாதம், பிறகு வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம். அங்கே ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, தன் வாழ்க்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தமையனைப் பிடித்துக்கொண்டுபோன திகதியை ஒருமுறை பன்னிரண்டு என்றும் மறுமுறை பதினான்கு என்றும் சொல்லிவிட்டார். உங்கள் கதை நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். மேன்முறையீட்டில்தான் விசா கிடைத்தது. அந்த மேசைக்கு முன்னால் அவர் சொன்னதெல்லாம் உண்மை, ஒருவரும் நம்பவில்லை. இன்று காலை சொன்னது பச்சைப் பொய். பத்துப் பதினைந்து பேர் ஒரு விநாடியில் நம்பிவிட்டார்கள்.

ஹரிஸ் பார்க்கில் வானை நிறுத்தியதும் வினுஷா இறங்கிக் கிரணோடு நடந்துவிட்டாள். சிவாஜினி இறங்கவில்லை.

"இஞ்சருங்கோ. நேற்று மேசைக்குக் கீழை கிடந்தது அந்தப் பைதானே?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்."

"பிறகென்ன விசருக்கு அந்த மனுசனிலை பழியைப் போட்டனீங்கள்?"

"தெரியேல்லை. வாயிலை வந்திட்டுது."

"கிரஹாம் சாப்பிட வரேல்லை, தெரியுமே? மகளுக்குப் போன் எடுத்து, டொக்டரிட்டை தனக்கு ஒரு நாள் குறிக்கச் சொல்லிப்போட்டாராம். மெலிசா சொன்னவ. அவரின்ரை மனிசிக்கும் இப்பிடித்தான் தொடங்கினதாம்."

கௌரிசங்கருக்கு அது தெரியும். கிரஹாமே சொல்லியிருக்கிறார். மனைவி மார்லீன் முதலில் வீடு பூட்டும் திறப்பை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினாள், பிறகு வீட்டு வழியைத் தேடினாள், கடைசி நாலு வருடம் கிரஹாமை யாரென்று கேட்டாள். மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல அவர் சொன்ன கதை அது.

"இப்பவே போய்ச் சொல்லுங்கோ."

"நாளைக்குக் காலமை சொல்லுறன். பொறும்."

"உங்களைப் பாத்து அந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு நிண்டவள்" என்றாள் சிவாஜினி. கதவைத் திறந்து இறங்கிப் போனாள். அன்று அவர் தோசையைப் பிய்த்தபடி இருந்தார். எல்லாரும் அவரிடம் தோல்விக்காக ஆறுதல் சொன்னார்கள்.

ஞாயிறு காலை, மற்றவர்கள் வருமுன் மைதானத்துக்குப் போனார். கிரஹாம் தனியாகத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முகம் ஒரே இரவில் ஒடுங்கியிருந்தது.

"கிரஹாம், நான் உங்களோடு ஒன்று..."

"நானும் உன்னோடு பேசவேண்டும்" என்றார் கிரஹாம். "இந்த வேலையை இனி யாராவது இளையவர் பார்ப்பது நல்லது என்று மெலிசாவிடம் சொல்லிவிட்டேன். நீ பார்க்கிறாயா? நீ கவனமான ஆள்."

கௌரிசங்கர் வாயைத் திறந்தார். அதே நேரம் கிரஹாமின் போன் அடித்தது. பையின் பக்கவாட்டில் கிரஹாம் தன் தொலைபேசி எண்ணை மையால் எழுதியிருந்தார் என்பதைக் கௌரிசங்கர் அப்போதுதான் நினைத்துக்கொண்டார். கிரஹாம் போனில் கேட்டார், நன்றி சொன்னார், எந்த ஊர் என்று இரண்டு முறை கேட்டார். போனைச் சட்டைப்பைக்குள் போட எடுத்த நேரம் கௌரிசங்கருக்கு ஒரு யுகமாக இருந்தது.

"குண்டகாயாம். மேசைக்குக் கீழே கிடந்ததாம்." கிரஹாம் அவரைப் பார்த்தார். "நாங்கள் குண்டகாயில் நிற்கவில்லை, கௌரி. யாஸில்தான் நின்றோம்."

"நான்தான்" என்றார் கௌரிசங்கர். "நீங்கள் ஏற்றியதை நான் இறக்கிவிட்டு மறந்தேன். எனக்குத் தெரியும். நேற்றே தெரியும். இப்போது அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கடைசி வசனம் உண்மை. ஆனால் போன் வந்தபிறகு அதை யார் நம்புவார்? சொன்ன அவருக்கே அது இன்னொரு பொய்போலக் கேட்டது.

கிரஹாம் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றார். கிரஹாம் அங்கேயிருந்த மர வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அப்படியென்றால் நான் ஏற்றினேன்" என்றார். "என் கையால் ஏற்றினேன். கடவுளே, என் மண்டை சரியாகத்தான் இருக்கிறது."

அந்த ஆறுதலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருக்கலாம் என்று கௌரிசங்கருக்கு இருந்தது. சற்றுப் பொறுத்து கிரஹாம் எழுந்தார். பை கிடைத்துவிட்டது என்று மட்டும் மற்றவர்களிடம் சொல்கிறேன், மிச்சம் தேவையில்லை என்றார். அவருடைய குரலில் அன்பு இருந்ததா, களைப்பா என்று பிரித்தறிய முடியவில்லை.

"இல்லை" என்றார் கௌரிசங்கர். "எல்லாரும் வரட்டும்."

விளையாட்டுக்கு முன் பிள்ளைகள் வட்டமாக நின்றபோது, பெற்றோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவருடைய ஆங்கிலம் அன்று முழுக்க உடைந்துபோனது. பை என்னிடம்தான் இருந்தது. வழியில் விட்டுவிட்டேன். நேற்றுப் பொய் சொன்னேன். கிரஹாமில் ஒரு பிழையும் இல்லை. அவ்வளவுதான்.

மெலிசா, "சரி. சொன்னதற்கு நன்றி" என்றாள், பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டு. கிரண் ஏதோ கேட்க வாயெடுத்தான். நாகராஜன் அவனுடைய தோளைப் பிடித்து அமுக்கினார். முந்தின நாள் காதோரம் குனிந்து பேசிய நாகராஜன் இன்று அவருடைய கண்ணைத் தவிர்த்தார். வினுஷா கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று வென்றார்கள். ஆனாலும் முதல்நாள் தோல்வி அவர்களை அரையிறுதிக்குப் போகவிடவில்லை.

திரும்பும் வழியில் குண்டகாயில் பையை வாங்கினார்கள். அதை எடுத்துப் பெற்றோல் நிலையத்தில் வைத்திருந்த பெண் சிரித்தபடி, "நல்லகாலம், நம்பர் எழுதியிருந்தது" என்றாள். கௌரிசங்கர் நன்றி சொன்னார். வானில் ஏறியபிறகு முதல்முறையாக வினுஷா பேசினாள்.

"ஏனப்பா எல்லாருக்கும் முன்னாலை சொன்னீங்கள்? ஐ வாஸ் ஸோ எம்பாரஸ்ட்."

"எல்லாருக்கும் முன்னாலைதானே பொய் சொன்னனான், பிள்ளை."

"நேற்றுச் சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பன்" என்றாள். "கிரஹாம் என்னட்டையும் கேட்டவர், பையைக் கண்டனீயோ எண்டு. நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

இது அவருக்குத் தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அது என்ரை பிழை, உன்ரை இல்லை" என்றார். சொல் சரிதான், அவள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சிவாஜினி பின்னால் கை நீட்டி மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கிழமையே தகப்பனும் மகளும் கிரஹாமின் வீட்டுக்குப் பையைக் கொண்டுபோனார்கள். வினுஷா வாசலிலேயே தான் சொன்ன பொய்யைச் சொன்னாள், அழுதாள். கிரஹாம் அவளுக்கு பிஸ்கற் தந்தார், விளையாட்டைப் பற்றிக் கதைத்தார். சாமான்களைத் தொடர்ந்து அவரே பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. அவற்றை யார் எடுத்துப்போவது என்ற பேச்சு வந்தபோது மட்டும் அவர் வேறொரு பெற்றோரின் பெயரைச் சொன்னார், நோகாமல்தான் சொன்னார். கௌரிசங்கர் தலையாட்டினார்.

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறார். கிரஹாம் கூப்பிட்டால் கோடு போடுகிறார், சொசேஜ் சுடுகிறார். மற்றவர்கள் அந்தக் கதையை மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். புதிதாக யாராவது பெற்றோர் வந்தால் கிரஹாம்தான் அறிமுகம் செய்வார்: "இவர் கௌரி, எங்கள் கட்சரின் அப்பா." கௌரிசங்கர் கை கொடுப்பார். ‘கவனமான ஆள்’ என்று கிரஹாம் இன்னும் ஒன்று சொல்லப்போகிறாரா என்று ஒவ்வொரு முறையும் காத்துக்கொண்டு நிற்பார். கிரஹாம் அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.