சிங்கப்பூரிலிருந்து நாலரை மணி நேரம்

ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் நஞ்சம்மாளிடம் அவள் மகனைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசிவிட முடியாது. கரண்டியோடு எழுந்து வந்துவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

மகன் மாதவராஜுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. போன ஆடியில் அவன் அப்பா கோவிந்தன், பரிசல் ஓட்டிய மனுஷர், நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். நஞ்சம்மாள் போனில் கதறினாள். "வர ரெண்டு நாளு ஆவும்மா. மூணு பிளேன் மாறணும்" என்றான் மகன். சரி, ஆகட்டும் என்று ஐஸ் பெட்டி வரவழைத்துப் புருஷனை அதில் கிடத்திவிட்டுக் காத்திருந்தாள். பெற்ற மகன் இருக்க இன்னொருத்தன் கொள்ளி வைப்பதா? ஊர் முணுமுணுத்தது, அவள் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது: "நடுவுல ஒரு பிளேன் போயிடுச்சும்மா. நீங்க எடுத்துருங்க." கடைசியில் கோவிந்தனின் அண்ணன் மகன் குருதான் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தான்.

குருவின் அம்மா பாஞ்சாலிக்கும் பக்கத்திலேயே மீன் கடை. அவள் அன்றைக்கே சொன்னாள்: "எந்த ஊரா இருந்தாலும் இம்மாம் நேரம் ஆவாதுடி. அவனுக்கு வர மனசு இல்ல."

நஞ்சம்மாளுக்கு வந்ததே கோபம்! "எம்புள்ள வழியில கெடந்து தவிக்கிறான், உனக்கு வாய் நீளுதா?" என்று கிழி கிழியென்று கிழித்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஒரு வருடமாக இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மீன் வறுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் சாப்பிட வந்தது. சிங்கப்பூர் என்றார்கள். நஞ்சம்மாளுக்குச் சொந்தக்காரர்களே வந்த மாதிரி இருந்தது. கேட்காமலே ஆளுக்கொரு துண்டு கூடுதலாக வைத்தாள்.

"ரெண்டு நாளு பிளேன்ல ஒக்காந்து வந்ததுல இடுப்பெல்லாம் நோவுமேங்க!"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "ரெண்டு நாளா? இன்னிக்குக் காலையிலதாம்மா ஏறினோம். பெங்களூருக்கு ஒரே பிளேன். மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர் இருக்கும், நாலரை மணி நேரம். அங்கேருந்து இங்க கார்ல வரத்தான் இடுப்பு போச்சு."

நஞ்சம்மாள் இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில்தான். சோறு தண்ணி இல்லாமல் அந்த ஐஸ் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாளே! பாவி, பெற்றவளையே ஏமாளியாக்கிவிட்டான். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே போன் போட்டாள்.

"மாது, அன்னிக்கு நீ பிளேன் ஏறுனியாடா?"

"இல்லம்மா. அப்பாவே போயிட்டாரு, இனி வந்து என்ன ஆவப்போவுதுன்னு இருந்துட்டேன்" என்றான்.

"செத்தவருக்காகவாடா கூப்புட்டேன்? உசுரோட நான் இருந்தேனேடா!"

அவன் லீவு, முதலாளி என்று ஏதோ ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

பாஞ்சாலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், தலையை மட்டும் தூக்கவில்லை. நஞ்சம்மாள் நேரே போய் அவள் எதிரில் நின்றாள்.

"வரக்கூடிய தூரந்தான்க்கா. அவந்தான் வரல."