பேட்டைக் கீழே போடாத அணி

இன்று கிளென் வேவர்லி மைதானத்தில் நாங்கள் தோற்கவில்லை.

(ஜெயித்தோம் என்று சொல்லவில்லை. கவனமாகப் படிக்கவும்.)

இந்த சீசனில் எங்கள் பேஸ்பால் அணி இதற்கு முன் ஆடி முடித்த எல்லா ஆட்டத்திலும் தோற்றிருக்கிறது. மழையால் பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தைத்தான் இதுவரை எங்கள் சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிட்னியில் லிட்கமில் இருந்தவரை சனிக்கிழமை என்றால் யாராவது ஃபிரெண்ட் வீடுதான். மெல்பர்னுக்கு மாறிவந்த பிறகு ஒருவரையும் தெரியாது. கணவருக்குச் சனி, ஞாயிறில் ஆஸ்பத்திரி டியூட்டி. நான் வாஷிங் மெஷினோடு பேசிக்கொண்டிருந்தேன். (அதுவாவது வேலை முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடும்.)

ஒருநாள் தமிழ்க் கடையில் கறிவேப்பிலையோடு வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி, நீங்க ஓடுவீங்களோ?"

"எங்க?"

"பேஸ்போல். ஒரு ஆள் குறையுது."

அவர்தான் ஆன்டன் அண்ணன். இலங்கையில் மன்னார்க்காரர், எங்கள் கேப்டன். சர்ச்சில் பாதிப் பேரையும் கடை வரிசையில் மீதிப் பேரையும் பிடித்து அணி சேர்த்தவர். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் மனைவி ரீட்டா அக்கா மீனும் உருளைக்கிழங்கும் வைத்துப் பொரித்துக் கொண்டுவரும் ரோல்ஸும் இருக்கிறது.

எங்கள் அணிக்கு இருக்கும் வியாதி ஒன்றுதான். எல்லோருமே கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள்.

பேஸ்பாலில் பந்தை அடித்ததும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடிப்போய், பேஸ் என்கிற வெள்ளைத் திண்டை உடம்பால் தொட வேண்டும். பேட்டால் தொட்டால் செல்லாது.

ஆன்டன் அண்ணன் பேட்டோடுதான் ஓடுவார். பேஸ் நெருங்கியதும் குனிந்து, பேட்டை நீட்டி, தரையோடு தேய்த்து வைப்பார். கிரிக்கெட்டில் பிரமாதமான ரன். இங்கே அவுட்.

"அண்ணா, அதைக் கீழ போட்டுட்டு ஓடுங்கண்ணா."

"விளங்குது தங்கச்சி. கைதான் விடுதில்லை."

இதற்காக அவரை நான் கிண்டல் செய்யாத வாரமே இல்லை.

போன சனிக்கிழமை, கிளப்பில் அணிகளைக் கவனித்துக்கொள்ளும் ஷரன் எங்களைத் தேடி வந்தார். பாதி சீசன் முடிகிறது, அடுத்த வாரமும் இப்படியே போனால் அணியைக் கலைத்துவிட்டு எங்களை வேறு அணிகளில் பிரித்துப் போட்டுவிடுவதாகச் சிரித்தமுகமாகச் சொன்னார். ஜெயிக்கக்கூட வேண்டாமாம். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தால் போதுமாம்.

ஆன்டன் அண்ணன் அசரவில்லை.

"சீசன் நீளம். இன்னும் பாதி கிடக்கு. இதுக்குக் கீழ போக இடமில்லை, இனி மேலதான் போகோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாத ஓர் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிடுவேன், மறுபடியும் வாஷிங் மெஷின். வீட்டுக்கு வந்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேனே.

இந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் பிராக்டிஸ். ஒரே பாடம். அடி, போடு, ஓடு. அண்ணன் பேட்டோடு ஓடினால் ரீட்டா அக்கா பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவார். (எங்களில் வேகமாக ஓடுபவர் அக்காதான். கேட்டால் ஆட மாட்டாராம்.)

இன்று கடைசி இன்னிங்ஸ். எப்படியோ ஒரே ஒரு ரன்தான் பின்தங்கியிருந்தோம். ஆனால் இன்னும் ஓர் அவுட் விழுந்தால் கதை முடிந்தது. நான் மூன்றாவது பேஸில் நிற்கிறேன். அடிப்பவர் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு பிளேட் பதித்திருக்கும். ஓடிப்போய் அதைத் தொட்டால் எனக்கு ஒரு ரன்.

அடிக்க வந்தவர் ஆன்டன் அண்ணன்.

அடித்தார். பந்து இடது பக்கம் உருண்டது.

"கீழ போடுங்கோ!"

எல்லோரும்தான் கத்தினோம். ரீட்டா அக்கா குரல்தான் கேட்டது.

போட்டார். வெறுங்கையோடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பந்து வந்து சேர்வதற்குள் முதல் பேஸை மிதித்துவிட்டார்.

அந்த அழகைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நான் ஓட மறந்துவிட்டேன்.

"நீ ஓடன் பிள்ளை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

(இதுவும் ரீட்டா அக்காதான்.)

ஓடினேன். அதற்குள் பந்தை பிளேட் பக்கம் திருப்பி எறிந்துவிட்டார்கள். அங்கே கேட்சர் பந்தைப் பிடித்து, கையுறையோடு என்மேல் பாய்கிறார். அவர் என்னைத் தொட்டால் அவுட். என் கால் எட்டாது என்று தெரிந்துவிட்டது.

குனிந்தேன். வலது கையை நீட்டினேன். தரையோடு தேய்த்து வைத்தேன்.

கையில் பேட் இல்லை. மதுரையில் அண்ணன்களோடு தெருவில் ஆடிய பழக்கம், அவ்வளவுதான்.

விரல் பிளேட்டில் பட்ட பிறகுதான் கையுறை என் தோளில் பட்டது. அம்பயர் இரண்டு கைகளையும் விரித்தார். சேஃப். கையும் உடம்புதானே.

அடுத்து வந்தவர் வழக்கம்போல அவுட். நேரமும் முடிந்தது. ஆட்டம் டிரா.

ஷரன் வந்து, "சீ யூ நெக்ஸ்ட் சாட்டர்டே" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், கொஞ்சம் பயந்துவிட்டார்.

பிறகு எல்லோரும் புல்லில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிடும்போது ஆன்டன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இவ்வளவு நாளும் நான் செய்ததைத்தானே நீ இண்டைக்குச் செய்தனீ?"

"ஆமாண்ணா."

"அப்ப ஏன் என்னை நக்கலடிச்சனீ?"

சிரித்துவிட்டு ஒரு ரோல்ஸை முழுசாக வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

இன்னும் பாதி சீசன் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று வாஷிங் மெஷினிடம் சொல்லிவிட்டேன்.

கிளென் வேவர்லி பக்கம் இருப்பவர்களே, ஓர் ஆள் இன்னும் குறைகிறது.

நீங்க ஓடுவீங்களோ?