சிவப்பு டேப் சுற்றிய குப்பி

மூன்று கார்பன் அணுக்களைப் பிடித்து ஒரு முக்கோணமாக உட்கார வைப்பதுதான் என் வேலை. வருடக்கணக்காக இதைத்தான் செய்கிறேன் என்றால் கேட்பவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "அது எதுக்கு?" என்பார்கள். மருந்துக்கு என்பேன். "எந்த மருந்துக்கு?" என்பார்கள். அந்த இடத்தில் எனக்கு அலுத்துப்போகும்.

சைக்ளோபுரொப்பேன் என்று அதற்குப் பெயர். கார்பனுக்குக் கைகளை அகல விரித்து உட்கார்ந்தே பழக்கம். அதை இறுக்கி முக்கோணமாக மடக்கினால், ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரை ஏற்றின மாதிரிதான். ஓடும்வரை ஓடும். கொஞ்சம் சூடு பட்டால், ஒரு சொட்டு அமிலம் விழுந்தால், வளையம் திறந்து வேறு பொருளாகிவிடும். அந்தக் குணத்துக்காகத்தான் மதிப்பும். நாம் சொல்கிற இடத்தில் திறந்தால் அதிலிருந்து என்னென்னவோ செய்யலாம். சொல்லாமல் திறந்தால் பிழைப்பு போச்சு.

முதலில் துத்தநாகத்தை வைத்துச் செய்து பார்த்தேன். ஈரம் படக்கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். ஐப்பசி அடைமழையில், அடையாற்று ஆய்வகத்தில், ஈரமில்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து டயசோ என்கிற நைட்ரஜன் வழி. வளையம் வந்தது, ஆனால் இரண்டு வடிவங்கள் கலந்து வந்தது, பிரித்தெடுப்பதற்குள் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. கடைசியில் கந்தக வழி. அதுதான் ஒத்துவந்தது. என்ன, அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் லஸ் ஸ்டாப் வரைக்கும் காலியாகவே வரும்.

மயிலாப்பூர் வீட்டில் மாமியார் வாசலிலேயே நிறுத்துவார். "நேரா போய் குளிச்சுட்டு வாம்மா. ஆத்துல எல்லாத்துலயும் அந்த வாசனை ஏறிண்டு வரது." கோபமாகச் சொல்ல மாட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். கணவருக்குப் புனேயில் வேலை. நான் எப்போது வந்து சேர்வேன் என்று கேட்பதை அவர் விட்டுவிட்டார், அதற்குப் பதில் மாமியார் கேட்டார். "இந்தக் கொலுவோட முடிஞ்சுடும்மா" என்று வாக்கு கொடுத்திருந்தேன்.

பொய் வாக்கு இல்லை. கோடை முழுக்க உட்கார்ந்து கடைசிச் சேர்மத்தைச் செய்து முடித்திருந்தேன். குப்பியின் அடியில் கல் உப்பு மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம். வெளியில் வைத்தால் வளையம் திறந்துவிடும் ரகம் என்பதால் ஃப்ரீசரில் வைத்து, எனக்கு அடையாளம் தெரிய மூடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தேன். அதை மெஷினில் போட்டு அளவெடுத்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது. மெஷினில் இடம் சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு அப்புறம்தான் கிடைத்தது.

எங்கள் ஆய்வகத்தில் பூஜையை விடுமுறைக்கு முந்தின நாளே முடித்துவிடுவோம். எல்லா மெஷினையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைப்பார்கள். முன்னின்று செய்பவர் அட்டெண்டர் அண்ணன். பட்டினப்பாக்கம் குப்பத்துக்காரர், கழுத்தில் சிலுவை, வீட்டில் மாதா படம். ஆனால் ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்தை எந்த மெஷின் முன்னால் எப்படி நசுக்க வேண்டும் என்பதில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. நான் அன்றைக்கு லீவு. வீட்டில் கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மேஜைமேல் சரஸ்வதி படம், வாடின மாலை, எண்ணெய் வற்றின விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு, என் சிவப்பு டேப் குப்பி.

கையில் எடுத்தேன். வெள்ளைத் தூள் இல்லை. மஞ்சளாக ஒரு எண்ணெய், சாய்த்த பக்கம் மெதுவாக ஓடியது. விடுமுறை முழுக்க ஏசி நின்று, ஜன்னல் சாத்தி, அந்த அறை எப்படி வெந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அண்ணன் வாளியோடு வந்தார். என் கையில் குப்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்துட்டியா? நான்தாம்மா வெச்சேன். ஐஸ் பெட்டிய கழுவ சொல்லோ கண்ல பட்ச்சி. செவப்பு டேப்பு, உன்துதான்னு தெரியும். எல்லாரும் அவுங்கவுங்க மெஷினுக்குப் பொட்டு வெச்சிக்கினு போயிட்டாங்கோ. உன்க்கு யாரும் வெக்கல. எத்தினி வருசமா அல்லாடிக்கினு கீற. அதான் சரஸ்வதி கால்ட்ட வெச்சேன். மாதா கிட்டயும் சொல்லிக் கீறேன்."

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் பக்தி என்று நினைத்துக்கொண்டார். "இனிமே எல்லாம் நல்லதுதான்மா" என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றப் போனார்.

நப்பாசையில் மெஷினில் போட்டுப் பார்த்தேன். மூலக்கூறின் எடை அப்படியே இருந்தது, ஏனென்றால் வளையம் திறந்தாலும் எந்த அணுவும் வெளியே போவதில்லை. ஆனால் வளையத்துக்கென்று வரைபடத்தின் வலது ஓரத்தில் எழும்பி நிற்க வேண்டிய கோடுகள் இல்லை. ஆய்வுக்குக் கைடாக இருந்த பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மறுபடியும் பண்ண வேண்டியதுதாம்மா" என்றார். அவருக்கும் அலுப்புதான், பாவம்.

மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் போட்டேன். "போதும், நான் வந்துடறேன்" என்றேன். "நிஜமாவா?" என்றார். நிஜமாகத்தான் சொன்னேன். மனசு லேசாகக்கூட ஆயிற்று.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் டீ டம்ளரோடு அண்ணன் நிற்கிறார்.

"மெஷின்ல போட்டியாமா? இன்னா ஆச்சி?"

நான் பாதியில் விட்டுப்போனால் ஏன் போனேன் என்று கேட்பார். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு பொட்டு வைக்க நினைத்த ஒரே மனுஷன், அதனால்தான் எல்லாம் கெட்டது என்று தெரிந்துகொண்டு குப்பத்துக்குப் போவார். அதை அவர் தலையில் கட்டிவிட்டு என்னால் ரயில் ஏற முடியாது என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

"நல்லா வந்திருக்குண்ணே. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆர்வம், அறிவியல், ஒரு மண்ணும் இல்லை. அதே முட்டைக்கோஸ் நாற்றம், அதே காலி சீட். கணவர் ஒரு வாரம் பேசவில்லை. மாமியார் மட்டும், "ஆரம்பிச்சுட்ட, முடிச்சுட்டே போ" என்றார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் தினமும் கேட்டார், "ஆச்சாமா?" தினமும் "ஆயிண்டே இருக்குண்ணே" என்றேன். அடுத்த கோடையில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தார். "நான் அப்பவே சொல்லல? சாமி வுடாது" என்றார்.

இந்த வருடம் பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ஒரு கையெழுத்துக்காக ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் ஃப்ரீசரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். நீல டேப் சுற்றியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுடையது.

"இந்தப் பொண்ணும் உன்ன மாரியே அழுதுக்கினு கீது. உன்க்கு வேலை செஞ்சிச்சில்ல? இத்தயும் சாமி முன்னாடி வெச்சிடறேன்."

"வேணாம்ணே. உள்ளயே வெச்சுடுங்கோ. வெளியில இருந்தா கெட்டுடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப உன்து?"

ஏதாவது கதை கட்டியிருக்கலாம். அலுத்துவிட்டது. "கெட்டுப்போச்சுண்ணே" என்றேன்.

நீல டேப் குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்தி, ஈரக் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்தார்.

"மறுபடியும் செஞ்சியா? மொத்தத்தையும்?"

"செஞ்சேன்."

"ஏம்மா என்கைல சொல்லல?"

"நான் விட்டுட்டுப் போறதா இருந்தேண்ணே. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் முடிச்சேன்."

அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்தார். ஃப்ரீசருக்குக் கதவின் வெளிப்பக்கம் மட்டும் வைத்தார். திரும்பி வந்து கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீ வெச்சுக்கோ."

"எதுக்குண்ணே வைக்கணும்?"

"உன் நெத்தியிலதான். இங்க கீறதுலயே ரொம்ப ஓடுன மெஷினு நீதாம்மா."

வைத்துக்கொண்டேன்.