கதவு திறக்கும் பக்கம்

நான் வளர்ந்த குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு ஒரே ஒரு வாரப்பத்திரிகைதான் வரும். நாலு வீடு சேர்ந்து வாங்கியது. மேல்மாடி திருநெல்வேலிக்காரர் வீட்டில் தொடங்கி, கீழே எங்கள் வீட்டில் வந்து முடியும். எங்களுக்குப் பழசாகத்தான் கிடைக்கும். அதற்கு ஈடாக, தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் உரிமை எங்களுடையது. ஒருமுறை அந்தக் காலத்து நாவல் ஒன்றை மறுபடி தொடராகப் போட்டார்கள். அம்மா அதைச் சேர்த்து பைண்டு செய்து வைத்தாள்.

இப்போது ஆவடி பக்கம் சேக்காட்டில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு. அவள் பள்ளியில் இந்தி உண்டு, சமஸ்கிருதம் உண்டு, தமிழ் கிடையாது. எழுத்துக்கூட்டி பஸ் போர்டு படிப்பாள், அவ்வளவுதான். வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற பிள்ளை, ஒரு தமிழ் நாவல்கூடப் படிக்காமல் வளர்ந்துவிடுமோ என்று எனக்கு பயமாக இருந்தது. மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. "கணக்குல வாங்கற மார்க்குக்கு முதல்ல கவலைப்படுங்க" என்றாள்.

சரி, அம்மா பைண்டு செய்து வைத்ததை எடுத்து நானே வாசித்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன். அம்பத்தூரில் வேலை முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு, பால்கனியில் காயும் துணிகளுக்கு நடுவே அரைமணி நேரம். முதல் வாரம் கதையைவிட, பக்க ஓரத்து ஜோக்குகளும் கூந்தல் தைல விளம்பரங்களும்தான் அவளுக்குப் பிடித்தன. நல்ல இலக்கியம் என்று நான் சொன்னபோதெல்லாம் கொட்டாவி விட்டாள். சொல்வதை நிறுத்தினேன், கொட்டாவியும் நின்றது.

பிறகு கதை அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு ரங்கூனுக்குப் போய்விட்ட தம்பி. அவன் பெயரையே யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட அண்ணன். ரயில் தாமதமாகி நான் வந்தால், "காபி அப்புறம் குடிச்சிக்கலாம், வா" என்று வாசலிலேயே நிற்பாள். அதைக் கேட்பதற்காகவே ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடந்த நாட்கள் உண்டு.

தம்பி ஒருவழியாகத் திரும்பி வந்தான். வாசலில் நின்று, கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். அந்த இடத்தில் தாளில் ஒரு சதுர ஓட்டை. பின்பக்கத்தில் இருந்த மீன் குழம்புக் குறிப்பை மேல்மாடி அக்கா, பத்திரிகை எங்களிடம் வருவதற்குள் கத்தரித்து எடுத்துவிட்டார். அடுத்த பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

"கதவை யாருப்பா தொறந்தா?"

"தெரியாது. அண்ணியாத்தான் இருக்கும்னு நானும் உங்க அத்தையும் முடிவு பண்ணிக்கினோம்."

"இத்தனை வருஷமா பொஸ்தகம் வாங்கிப் பாக்கவே இல்லியா?"

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஓட்டையும் கதையோடு சேர்த்திதான் என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் ஆவடி மார்க்கெட் பக்கம் நோட்டுப் புத்தகம் விற்கும் கடையில் விசாரித்தேன். "கீது சார், மேலே கீது. யாரும் கேக்கறதில்ல" என்று கடைக்காரர் ஸ்டூலில் ஏறி, தூசி தட்டிக் கொடுத்தார். மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நாளைக்குச் சாயங்காலம் அந்த இடத்திலிருந்து படிக்கலாம் என்றேன்.

அடுத்த நாள் அவளுக்கு லீவு, எனக்கு வேலை. நான் திரும்பி வந்தபோது பால்கனியில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இதே வேலைதான் என்றாள் மனைவி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"யாரு தொறந்தா?" என்று கேட்டேன்.

"யாருமே தொறக்கல. கதவு சாத்தாமதான் இருந்துச்சு. அண்ணன் தெனமும் அப்படியே வுட்டுட்டுத்தான் தூங்குவாராம்."

உள்ளே போய்க் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். "குடு, மிச்சத்தை நான் வாசிக்கறேன்" என்று கையை நீட்டினேன். அவள் புத்தகத்தை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. நீ வாசிச்சா, என்ன ஆச்சுன்னு உனக்குத்தான் முதல்ல தெரியுது."

நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். அந்த அரைமணி நேரம் என் கையைவிட்டுப் போகும் என்று மட்டும் யோசித்திருக்கவில்லை.