சாமி அறையில் இருந்த கிரைண்டர்

மணிக்கட்டு நோவால் அம்மியில் அரைக்க முடியாமல், செங்கலடியில் ஒரு கடையில் சின்ன கிரைண்டர் ஒன்று வாங்கினேன். புதுப் பொருளை நல்ல நாளில்தான் தொடுவது எங்கள் வழக்கம். அதனால் பெட்டியைப் பிரிக்காமல் சாமி அறையில் வைத்திருந்து, சித்திரை வருடப்பிறப்பன்று பூ வைத்து சுவிச்சைப் போட்டேன். அது அசையவே இல்லை.

"சாமி அறையில இருந்து இருந்து அதுவும் சாமியாராப் போயிட்டும்மா" என்று மகள் சிரித்தாள். எனக்கோ அழுகை வந்தது.

வருடப்பிறப்பு முடிந்து கடை திறந்ததும் பில்லோடும் பெட்டியோடும் போனேன்.

"வாங்கி ஒரு மாசமாச்சே அக்கா. உடனே பார்த்திருக்கோணும்" என்றார் முதலாளி.

ஒரு வருட உத்தரவாதம் இருந்தது. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க எனக்குத் தெரியாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதே மாதிரிக் கிரைண்டரை விலை கேட்டுக்கொண்டிருந்த, பக்கத்து ஊரான ஏறாவூர்ப் பெண் ஒருவர் திரும்பி, "என்னக்கா, ஓடல்லையா?" என்றார்.

"ஓம், ஒரு நாளும் ஓடல்ல" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

"அப்ப எனக்கும் வேணாம் தம்பி" என்று அவர் புறப்பட்டார்.

"இருங்க, இருங்க! இந்தா, அக்காக்கு மாத்திக் குடுக்கிறன்" என்று முதலாளி ஓடி வந்தார். புதியதை எங்கள் இருவருக்கும் முன்னால் ஓட்டிக் காட்டினார். அந்த இரைச்சல் எனக்கு நாதஸ்வரம் போல இருந்தது.

இப்போது எதை வாங்கினாலும் கடையிலேயே ஓட்டிப் பார்க்கிறேன். பூ வைப்பது பிறகுதான். சாமி கோபிக்கவில்லை, தேங்காய்ச் சம்பல் நன்றாகவே அரைபடுகிறது.