யானை வயிற்றில் என் தையல் மெஷின்

செங்கம் ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் சிமெண்ட் யானையைப் பார்க்க இன்று போனோம். வயிற்றுக்குள் பழம்பொருள் கண்காட்சி.

முன்னங்கால் வழியாக ஏறியதிலிருந்தே என் கணவர், "உள்ள காத்தே இல்ல, வா போலாம்" என்று அவசரப்படுத்தினார்.

மூலையில் ஒரு தையல் மெஷின். நூல்கண்டு மாட்டும் கம்பியில் நான் கட்டிய பச்சை ரிப்பன்!

ரிப்பேருக்குப் போயிருப்பதாக அவர் மாதக்கணக்கில் சொல்லிவந்த என் மெஷின்தான். எங்கள் தெருப் பெண்கள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணியெல்லாம் வீட்டில் அப்படியே கிடக்கிறது.

"என்னங்க இது?" என்றேன்.

"யானை கட்டினவரு நம்ம சிநேகிதரு. கேட்டாரு, குடுத்துட்டேன். எவ்ளோ ஜம்முனு வச்சிருக்காரு பாரு."

கீழே ஓர் அட்டை: "நம் முன்னோர் பயன்படுத்தியது."

முன்னோருக்கு வயது நாற்பத்திரண்டு. இன்று முன்னோர் சமைக்கப்போவதில்லை. பக்கத்தில் நல்ல ஓட்டல் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.