டெஸ்டரில் ஒட்டிய களிமண்

களிமண் முகத்தின் நெற்றியில் டெஸ்டரால் மூன்று கோடுகள் கீறிவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். திருப்தியில்லை. நாலாவதையும் கீறுகிறார். "இப்பத்தான் சரியான கோவம்!"

எங்கள் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் இவர். போன வருஷம் ஒரு கட்டடத்தில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஆள் இருப்பது தெரியாமல் யாரோ மெயினைப் போட்டுவிட்டார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். வலது கை தேறிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மனிதரோ வீட்டு ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார்.

விரல்களுக்குப் பயிற்சியாகப் பிசையச் சொன்ன களிமண்ணில் ஆரம்பித்தது இது. இப்போது கோபத்துக்குக் களிமண், பயத்துக்குக் கரித்துண்டு, அழுகைக்குத் தண்ணீர்க் கலர். மனசு எதிலும் ஒட்டாத நாளில் கிழிந்த துணிகளை அட்டையில் ஒட்டுவார். "வாயால சொன்னா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிடுது சார். உள்ள இருக்கறது முடியமாட்டேங்குது."

"உக்கார எடமில்ல," என்பார் மனைவி. "நேத்து இவரு பயத்து மேலயே உக்காந்துட்டேன். பொடவையெல்லாம் கரி."

எனக்கும் ஒரு கோபத்தைப் பரிசளித்தார். "நம்ம வீட்ல இருக்கறது பத்தாதா?" என்று என் மனைவி அதைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

பொழுது சாய்ந்ததும் "லைட்டப் போடும்மா!" என்று குரல் வரும். சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து போட்டுவிட்டுப் போவார். ஒன்றேகால் வருஷமாக இதுதான் வழக்கம்.

வேலைக்குப் போன நாளிலிருந்து சுவர் ஆணியில் தொங்கிய செம்புக் கம்பிச் சுருளை மட்டும் அவர் தொட்டதே இல்லை. நேற்று மாலை போனேன், ஆணி காலி. மேஜைமேல் கம்பியில் முடைந்த ஒரு வலது கை, அவர் கையிலுள்ள தழும்பைக்கூட விடாமல். உள்ளங்கையில் பல்பு, அதன் வாலாக ஒயரும் பிளக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கனெக்‌ஷன் குடுக்க யாரைக் கூப்பிடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

முறைத்தார். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

டெஸ்டரில் காய்ந்திருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தார். பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தார், ஸ்விட்ச் போடாததால் கரண்ட் இல்லை. பிளக்கைச் செருகினார். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போன விரல் திரும்பி வந்தது, மறுபடி போனது. அழுத்தினார். பல்பு எரிந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தது நான்தான்.

வழக்கமான நேரத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "யாரு போட்டது?"

அவர் விளக்கை அணைத்தார். மனைவி பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டார்.